நடுநிலை நாடுதானே, மகனை அனுப்பலாமா?

கேள்வி: மகனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாடு எந்தப் போரிலும் பக்கம் சேராது, பயப்பட வேண்டாம் என்கிறார் ஏஜெண்ட். எங்கள் வீட்டு ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து, 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்தவர். அதனால் மனம் துணியவில்லை.
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அனுப்பலாம் ஆச்சி. ஆனால் ஏஜெண்ட் சொல்லும் காரணத்துக்காக அனுப்பாதீர்கள்.

உங்கள் ஐயாவைத் துரத்திய ஜப்பான் படை தாய்லாந்து வழியாகத்தான் பர்மாவுக்குள் வந்தது. அந்தத் தாய்லாந்து 1939-ல் நடுநிலை அறிவித்த நாடு. 1940 ஜூன் 12 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் மூன்றோடும் ஒரே நாளில் ஒப்பந்தம் போட்டது. காகிதத்தில் பார்த்தால் இதற்கு மேல் காப்பு வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானுக்கு மலாயாவும் பர்மாவும் வேண்டியிருந்தன. போகிற வழியில் தாய்லாந்து. 1941 டிசம்பர் 8-ல் சோங்க்லா, பட்டானி கரைகளில் படை இறங்கியது. தாய் வீரர்கள் சில மணி நேரம் எதிர்த்தார்கள், அப்புறம் அரசு வழிவிட்டது. அதே மாதம் 21-ல் ஜப்பானோடு கூட்டணி, ஜனவரி 25-ல் பிரிட்டன், அமெரிக்கா மீது போர்ப் பிரகடனம். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது.

போரிடும் படையைத் தன் மண் வழியே விடக்கூடாது என்பது நடுநிலை நாட்டுக்கு, போர் விதிகளைப் பற்றிப் பல நாடுகள் செய்துகொண்ட 1907 ஹேக் உடன்படிக்கை வைத்த கடமை. விட்டால் எதிர்த்தரப்புக்குப் பகை. மறுத்தால், 1914-ல் பெல்ஜியத்துக்கு நடந்ததுபோல, படையெடுப்பு.

படையே வராமலும் மாட்டிக்கொள்ளலாம். ஈரான்–இராக் போரில் குவைத் சண்டைக்குப் போகவில்லை. இராக்குக்குக் கடன் கொடுத்தது, தன் துறைமுகம் வழியே சரக்கு போகவிட்டது. அதற்காக அதன் எண்ணெய்க் கப்பல்களை ஈரான் தாக்கியது. 1987-ல் 11 கப்பல்கள் அமெரிக்கக் கொடி ஏற்றித்தான் ஓடின. கடன் வாங்கிய இராக்கே 1990-ல் குவைத்தைப் பிடித்துக்கொண்டது வேறு கதை.

ஆகவே ஏஜெண்டிடம் இதைக் கேளுங்கள்: அந்த நாட்டில் அந்நியப் படைத்தளம் இருக்கிறதா? பையன் வேலை பார்க்கப்போவது அதற்குப் பக்கத்திலா? துறைமுகத்திலா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலா, ஊருக்குள் அலுவலகத்திலா? நாட்டின் பெயரைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள விடக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். 1990-ல் குவைத்தை இராக் பிடித்தபோது சுமார் 1.7 லட்சம் இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வந்தார்கள், அப்படியொரு நேரத்தில் அந்தப் பதிவு உதவும். சம்பளத்தை அங்கே சேர்த்து வைக்காமல் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், டிக்கெட்டுக்கு ஆகும் பணம் மட்டும் அவர் கையில் இருக்கட்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் போர்ச் சேதம் உண்டா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.