கூர் நிற்காத கத்தி: வீட்டில் சாணை பிடிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அரை எச்.பி. பெஞ்ச் கிரைண்டர் (மேசையில் பொருத்தும் சாணைச் சக்கர மெஷின்) வாங்கி, காய் நறுக்கும் கத்தியை வீட்டிலேயே சாணை பிடித்தோம். முதல் நாள் தக்காளி பூப்போல நறுங்கியது. நான்காம் நாள் பழையபடி மழுங்கிவிட்டது. மறுபடி பிடித்தாலும் அப்படித்தான். கத்தி மட்டமா, பிடித்த விதம் தப்பா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி, முக்கியமாக நுனிப் பக்கம், வைக்கோல் மஞ்சளிலோ காப்பி நிறத்திலோ நீலத்திலோ கறை தெரிகிறதா? தெரிந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. கத்தி செய்யும்போது எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போடுவார்கள், அதாவது முக்கிச் சட்டென்று குளிர்விப்பார்கள். பிறகு பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து எடுப்பார்கள். அதற்கு மேல் மறுபடி சூடேறினால் கடினம் இறங்க ஆரம்பிக்கும். அந்த விளிம்பைக் கூராக்க முடியும், ஆனால் கூர் நிற்காது.

6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் உரசுகிறது. கத்தியின் விளிம்போ காகிதக் கனம்தான். பிறக்கிற சூடு ஓடி ஒளிய இடமில்லை. பிடியருகே தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், விளிம்பு மட்டும் வெந்திருக்கும். நுனி முதலில் கெடுவதற்கும் இதுதான் காரணம். அங்கே உலோகம் குறைவு, நம் கையும் அங்கேதான் தயங்கி நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்பன் எஃகில் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம் வரும், 300-ஐ ஒட்டி நீலம் வரும். ஸ்டெயின்லெஸ் எஃகில் அதே நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தெரியும். ஆகவே உங்கள் கத்தி ஸ்டெயின்லெஸ் என்றால், கறை இல்லை என்பதற்காகப் பதம் கெடாமல் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

மாற்று வழி உண்டு. கறை போகும் வரை, அதற்கு அப்பாலும் அரை மில்லிமீட்டர், கைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுங்கள். 220 நம்பர் கல் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் உள்ளே நல்ல எஃகு இருக்கிறது. கறையைத் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டால் பதம் திரும்பிவிடாது.

கேள்வி: கடையில் சாம்பல், வெள்ளை, பச்சை என்று மூன்று நிறத்தில் கல் காட்டுகிறார்கள். எது வாங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: வெள்ளை. சாம்பலும் வெள்ளையும் ஒரே பொருள்தான்: அலுமினியம் ஆக்சைடு, அதாவது செயற்கைக் குருந்தம். (ஆங்கிலத்தில் இந்தக் கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழ்க் ‘குருந்தம்’ போனதுதான். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வார்த்த சாணைகளைத்தான் அந்தக் காலத்தில் சுற்றினார்கள்.) மெஷினோடு வரும் சாம்பல் கல் பெரும்பாலும் 36 அல்லது 60 நம்பர். வெல்டிங் பிசிறு எடுக்க, கடப்பாரை முனை தீட்ட அது சரி. கத்திக்கு 80 முதல் 120 நம்பர் வரை உள்ள வெள்ளைக் கல் வேண்டும். நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். பச்சை சிலிக்கான் கார்பைடு; கார்பைடு முனைக் கருவிகளுக்கானது.

நம்பருக்கு அடுத்து ஓர் எழுத்து இருக்கும். கல் தன் பொடியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. கெட்டி எஃகுக்கு இளகிய கல்தான் பொருத்தம். மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் கல் வெட்டாமல் வெறுமனே உரசிச் சூட்டைக் கிளப்பும். எச் முதல் கே வரை எந்த எழுத்தும் நல்லது.

மாட்டுவதற்கு முன் கல்லை விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான்: கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் விரிசல். விரிசல் விட்ட கல் சுழலும்போது வெடிக்கும்; தூக்கிப் போடுங்கள். கல்லில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்காதீர்கள். அழுத்தம் சமமாகப் பரவ அதுதான் மெத்தை. இடது பக்க நட்டுக்கு மரை தலைகீழ். கழற்றக் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். பலர் இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கி நட்டைக் கெடுக்கிறார்கள். மாட்டியபின் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள்.

கேள்வி: எந்தக் கோணத்தில், எப்படிப் பிடிப்பது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சாதாரணச் சமையலறைக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. கறி வெட்டும் கனமான கத்திக்கு 25. கோணமானி தேவையில்லை. தாளின் சதுர மூலையை ஒருமுறை மடித்தால் 45 டிகிரி, மறுபடி மடித்தால் 22½. அதற்கு ஒரு மயிரிழை குறைத்துப் பிடித்தால் போதும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளிம்பின் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். கத்தியைக் கல்லில் வைத்து, கல்லைக் கையால் அரைச் சுற்று சுற்றுங்கள். மை சரிவு முழுக்க, விளிம்புவரை அழிந்தால் கோணம் சரி. விளிம்பைத் தொடாமல் மேலே மட்டும் அழிந்தால் கத்தியை மிகவும் படுக்க வைத்திருக்கிறீர்கள். மையே அழியாமல் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு விழுந்தால் மிகவும் நிமிர்த்திவிட்டீர்கள். பழகுகிறவரை ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

இனி கத்தியின் திசை. கல்லின் முன்பக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கூர் விளிம்பு அது ஓடும் திசையையே பார்க்க வேண்டும், அதாவது கீழ்நோக்கி, முதுகு மேலே. எதிர்த்துக் காட்டினால் கல் விளிம்பைக் கவ்வி இழுத்துவிடும். தொடும் இடம் டூல் ரெஸ்ட்டுக்கு (கல்லின் முன்னால் இருக்கும் தாங்கு தகடு) ஒன்றரை அங்குலமாவது மேலே இருக்கட்டும். ரெஸ்ட்டை ஒட்டிப் பிடித்தால், ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய கத்தி உள்ளே போய்ச் சிக்கும். அந்த இடைவெளி எப்போதும் 3 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது.

ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் கத்தியைத் தண்ணீரில் முக்குங்கள். துடைக்க வேண்டாம். பிடியை மட்டும் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர்க் குவளையை மெஷினிலிருந்து தள்ளி வையுங்கள். விளிம்பை ஒட்டித் தொங்கும் தண்ணீர் முத்துகள்தான் உங்கள் சூட்டுமானி. இழுத்து முடிக்கும்போது அவை அப்படியே இருந்தால் நல்லது. காய்ந்திருந்தால் அழுத்தம் அதிகம் அல்லது கை இழுக்கும் வேகம் குறைவு. சுர்ரென்று சத்தம் கேட்டால் ஏற்கெனவே தாமதம்.

கை நகரத் தொடங்கிய பிறகே கத்தி கல்லைத் தொட வேண்டும். 20 சென்டிமீட்டர் கத்தியை அடியிலிருந்து நுனிவரை நாலைந்து நொடியில், அதன் எடையே போதும் என்ற அளவு மெல்லத் தொட்டு இழுங்கள். நுனி கல்லின் பாதி அகலத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். முழுதாகத் தாண்டவிட்டால் நுனி உருண்டையாகிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, மூன்று மூன்று இழுப்பு. கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வழித்துப் பாருங்கள் (விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் கூடாது). எதிர்ப்பக்கம் சொரசொரவென்று பிசிறு தட்டுப்பட்டால் கல்லின் வேலை முடிந்தது.

சாணைச் சக்கரம் கத்திக்கு வடிவம்தான் கொடுக்கும். நிற்கிற கூரைக் கொடுப்பது கைக்கல். பிசிறோடு விட்டுவிட்டால் கத்தி அன்றைக்கு வெட்டும். இரண்டு நாளில் பிசிறு மடிந்து மழுங்கும். பலரும் கல்லைக் குறை சொல்வது இந்தக் கடைசி வேலையைச் செய்யாததால்தான். 1000 நம்பர் கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு, போகப்போக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி, பத்துப் பத்து முறை. கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத வளையம் இருக்கும். அதில் இழுத்தாலும் பிசிறு போகும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துப்பட்டா, முந்தானை, பின்னல், கையுறை எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது.

கேள்வி: கையில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதிலேயே பிடித்துவிடலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: வேண்டாம். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். கல்லின் விளிம்பு வேகம் பெஞ்ச் கிரைண்டரைப் போல இரண்டரை மடங்கு. மெல்லிய கத்தி கண்மூடித் திறப்பதற்குள் நீலமாகிவிடும்.

கேள்வி: அரிவாள்மனை, கத்தரிக்கோல், ரொட்டி வெட்டும் பல் கத்தி, இவற்றையும் சக்கரத்தில் பிடிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பல் கத்தியைப் பிடித்தால் பல் போய்விடும். அரிவாள்மனையின் பலகை இடிப்பதால் அலகை ஒரே கோணத்தில் வளைத்துக் கொண்டுபோக முடியாது. அங்கே கல்லைத்தான் அலகிடம் கொண்டுபோக வேண்டும். பலகையை அசையாமல் அழுத்திக்கொண்டு, நனைத்த கைக்கல்லால் வளைவின் போக்கிலேயே, அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். தட்டை அரம் வழுக்காமல் கடித்தால் அரமே போதும். மேல்முனையில் தேங்காய்த் துருவி இருந்தால் அதன் பற்களுக்கு முக்கோண அரம்.

கத்தரிக்கோலில் வெளிப்பக்கச் சரிவை மட்டும் தேய்க்கலாம். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசுகிற உட்பக்கத்தைச் சக்கரத்தில் காட்டினால், துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சொருகிக்கொள்ளும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம்.

கேள்வி: சாணை பிடித்த மறுநாள் ஸ்டெயின்லெஸ் கத்தியில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. போலி எஃகா?
– வாசகி, ஈப்போ

பதில்: பெரும்பாலும் இல்லை. அதே கல்லில் முன்பு சாதாரண இரும்பைத் தேய்த்திருப்பீர்கள். அந்த இரும்புத் துகள் கத்தியில் ஒட்டி, ஈரம் பட்டுத் துரு பிடிக்கிறது. கத்திக்கென்று ஒரு பக்கக் கல்லை ஒதுக்கிவிடுங்கள். கல் கறுத்து மினுமினுத்தால் டிரஸ்ஸர் (கல்லின் மேற்பரப்பைச் சீவும் கருவி) போட்டுப் புது முகம் எடுங்கள். பிடித்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியை முதுகுப் பக்கமாக மடித்துப் பிடித்துத் துடைத்து உலர்த்துங்கள். வந்துவிட்ட புள்ளிகள் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும்.