யுவேலு கல்விச்சாலை உண்மையிலேயே ஆயிரம் வருடப் பழமையானதா?

பழமை உண்மைதான். சீனாவின் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில், யுவேலு மலையடிவாரத்தில், சொங் அரச வம்சத்தின் காலத்தில், பொ.ஆ. 976-ல் தொடங்கியது. 1015-ல் பேரரசர் சென்சொங் தன் கைப்பட எழுதிய பெயர்ப்பலகையைக் கொடுத்தார். அதன்பின் மவுசுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் பெயர் நிலைத்தது 1167-ல். தத்துவ அறிஞர் சூ சி, இங்கே தலைமை ஆசிரியராக இருந்த சாங் ஷியோடு வாதம் செய்ய வந்தார். கேட்க வந்தவர்களின் குதிரைகள் குடித்தே குளம் வற்றிப்போனதாம். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும். அந்த வாதத்தின் நினைவாக இன்றும் விரிவுரை மண்டபத்தில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கருத்து வேறுபட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்த பள்ளி என்பதுதான், என்னைக் கேட்டால், இதன் உண்மையான பெருமை.

வாசலில் தொங்கும் ஈரடியில் அடக்கம் கொஞ்சமும் இல்லை. 'சூ நாட்டில்தான் திறமைசாலிகள்; அதிலும் இங்கேதான் அதிகம்' என்கிற அர்த்தம். (சூ என்பது இந்த வட்டாரத்தில் இருந்த பழைய நாடு.) வெறும் வாய்ச்சவடால் என்றும் தள்ள முடியாது: 19-ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசுக்கு எதிராக எழுந்த தைப்பிங் கலகத்தை அடக்கிய செங் குவோஃபான் இங்கே படித்தவர்.

சரி, ஆயிரம் வருடமும் ஒரே பள்ளியா? அங்கேதான் சிக்கல். போர்களில் பலமுறை அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது. 1903-ல் நவீனக் கல்லூரியாக மாறி, 1926-ல் ஹுனான் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழகமோ தன் வயதை 976-லிருந்தே எண்ணுகிறது.