ஓடிடி ஆண்டுச் சந்தா 2,199 ஆகிவிட்டது: புதுப்பிப்பதா, விடுவதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். 32 இன்ச் டிவி. ஒரு ஓடிடி செயலிக்கு வருடம் 1,499 ரூபாய் கட்டி வந்தோம். விளம்பரம் இல்லாத, 4கே வரை தரும் பெரிய பிளான். மே 20 அன்று புதுப்பிக்க வேண்டும்; இந்த முறை 2,199 என்று செய்தி வந்திருக்கிறது. மாதச் சந்தா 299, மூன்று மாதத்துக்கு 699. விளம்பரத்தோடு வரும் சின்ன பிளான் வருடம் 1,099, மாதம் 149. போன ஆறு மாதத்தில் நாங்கள் முழுதாகப் பார்த்தது ஒன்பது படம், இரண்டு சீரிஸ். அதிலும் இரண்டு படம் தவிர மற்றதெல்லாம் டிசம்பரிலும் பிப்ரவரியிலும் பார்த்தவை. மகள் அடுத்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள். ஃபைபர் இணைப்போடும் ஏதோ ஓடிடி உண்டு என்கிறார் கேபிள்காரர். யூபிஐ ஆட்டோபே (பணம் தானாகப் போகும் வசதி) போட்டிருக்கிறோம். என்ன செய்யலாம்?
- குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி

ஆண்டுச் சந்தாவை விட்டுவிடுங்கள். செயலியை விட வேண்டியதில்லை.

விலை ஏறியதும் எல்லோரும் ஏறிய 700 ரூபாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லையே என்பார் ஒருவர். 47 சதவீதம் ஏற்றிவிட்டார்களே என்று கொதிப்பார் இன்னொருவர். இரண்டு கணக்கும் உதவாது. 1,499 போன வருடத்தோடு முடிந்த விஷயம். மே 20 அன்று உங்கள் கணக்கிலிருந்து போகப்போவது முழு 2,199. இந்தச் செயலியை இன்றுதான் முதல்முறை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,199 கொடுத்துச் சேர்வீர்களா? கேள்வி அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வகுத்தல் போதும். ஆண்டுக் கட்டணத்தை மாதக் கட்டணத்தால் வகுங்கள். பழைய விலையில் 1,499-ஐ 299-ஆல் வகுத்தால் 5.01. வருடத்தில் ஆறு மாதம் பார்த்தாலே ஆண்டுச் சந்தா லாபம் என்று அர்த்தம். புதிய விலையில் 2,199-ஐ 299-ஆல் வகுத்தால் 7.35. இனிமேல் எட்டு மாதமாவது பார்த்தால்தான் ஆண்டுச் சந்தா கட்டுப்படியாகும். விலையேற்றத்தில் நிஜமாக மாறியது இந்த எல்லைக்கோடு. ஆறிலிருந்து எட்டுக்குப் போய்விட்டது. உங்கள் வீடு இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்தில் ஒன்பது படமும் இரண்டு சீரிஸும் என்றால், படத்துக்கு இரண்டரை மணி நேரம், சீரிஸுக்கு ஆறு மணி நேரம் என்று போட்டு 34.5 மணி வருகிறது. வருடத்துக்கு 69 மணி. 2,199-ஐ அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 32 ரூபாய். ஒரு படத்துக்கு 80. ஐந்து பேர் உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு 80 ரூபாய் கொள்ளை இல்லைதான். தியேட்டருக்குப் போனால் வண்டி நிறுத்தும் கட்டணத்துக்கும் பாப்கார்னுக்கும்கூடக் காணாது. ஆனால் தியேட்டர் செலவோடு ஒப்பிட்டால் எந்தச் சந்தாவும் மலிவாகத்தான் தெரியும், ஏமாறுவதும் அங்கேதான். அதே செயலியை வேறு விதமாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மாதங்களில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். மிச்ச இரண்டு படங்களையும் அந்த மாதங்களுக்கே தள்ளியிருக்கலாம். தாராளமாகவே வைத்து வருடத்துக்கு ஐந்து மாதம் என்றால், ஐந்து 299 = 1,495. பழைய ஆண்டுச் சந்தாவைவிட நாலு ரூபாய் குறைவு. விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குக்கு நினைவை நம்பாதீர்கள். நெட்ஃபிளிக்ஸில் அக்கவுன்ட் பக்கத்தில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் பார்த்தவற்றின் பட்டியல் தேதியோடு இருக்கும். பிரைம் வீடியோவில் செட்டிங்ஸுக்குள் வாட்ச் ஹிஸ்டரி. பாதியில் விட்டவற்றை அடித்துவிடுங்கள். பையன் நாலாவது முறையாகப் பார்த்த கார்ட்டூனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் பயன்தான். படம் எத்தனை என்பதைவிட எந்தெந்த மாதம் என்பது முக்கியம். பன்னிரண்டு மாதத்துக்கும் கோடு போட்டுக் குறித்துப் பாருங்கள்.

எந்த மாதம் எடுப்பது? தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டரில் வெளியாகி நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் என்பது பொதுவான வழக்கம். பொங்கல் படங்கள் பிப்ரவரி நடுவில் வரும். தீபாவளிப் படங்கள் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. அதாவது பண்டிகை முடிந்து ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் மாதச் சந்தா எடுத்தால் அந்தச் சீசனின் படங்கள் மொத்தமாகக் காத்திருக்கும். வெளியான அன்றே பார்க்க வேண்டும் என்ற பரபரப்பு இல்லாதவர்களுக்கு இது பெரிய சேமிப்பு. வரும் வருடம் உங்கள் வீட்டில் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த இரண்டு மாதமும் டிவி அணைந்துதான் இருக்கும். பொங்கல் படங்களை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். மகளும் சேர்ந்து பார்க்கலாம். ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால் அந்த இரண்டு மாதத்துக்கும் காசு போயிருக்கும். ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது; உரிமக் காலம் முடிந்த படங்களைச் செயலிகள் எடுத்துவிடுவது உண்டு.

கிரிக்கெட் பார்க்கும் வீடு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஐபிஎல் மார்ச் கடைசியில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் போகும். அப்போது மூன்று மாத 699 லாபம்; தனித்தனியாக எடுத்தால் 897 ஆகும்.

அடுத்தது, உங்களுக்குப் பெரிய பிளானே தேவையா? 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை ஹெச்டி ரெடி. திரையில் இருப்பது 1366 பெருக்கல் 768 புள்ளிகள். அதில் 4கே படத்தை ஓட்டினாலும் டிவி அதைச் சுருக்கித்தான் காட்டும். காட்டாத தெளிவுக்குக் காசு கொடுக்கிறீர்கள். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கூகுளில் போட்டு ரெசல்யூஷனைப் பாருங்கள். 43 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள 4கே டிவி இருந்தாலும் அந்த இடத்தில் குறைந்தது 15 எம்பிபிஎஸ் வேகம் நிலையாக வர வேண்டும். 1080 (ஃபுல் ஹெச்டி) தெளிவுக்கு 5 போதும், 720 (ஹெச்டி) தெளிவுக்கு 3. ரவுட்டர் முன் கூடத்தில், டிவி உள்ளறையில், நடுவில் பழைய தடித்த சுவர் என்றால் 100 எம்பிபிஎஸ் இணைப்பும் டிவிக்குப் போய்ச் சேரும்போது தேய்ந்துவிடும். அதற்குச் சந்தாவை உயர்த்தி ஒரு பயனும் இல்லை; ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பதே வழி.

போனிலும் இதே கதை உண்டு. படத்தைக் காப்பி எடுக்க விடாமல் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டில் எல்1, எல்3 என்று இரண்டு தரம் பரவலாகப் பார்க்கலாம். எல்3 போன்களில் எந்தப் பிளான் வாங்கினாலும் பெரிய செயலிகள் 480 தெளிவுக்கு மேல் பெரும்பாலும் காட்டாது. பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டால் உங்கள் போன் எது என்று தெரிந்துவிடும். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி நடுத்தரத் தரத்தில் மணிக்கு 0.7 ஜிபி, உயர்தரத்தில் 3 ஜிபி வரை, 4கே-யில் 7 ஜிபி வரை. நாளொன்றுக்கு 1.5 ஜிபி பேக்கில் நடுத்தரத்தில் பார்த்தால்கூட இரண்டரை மணி நேரப் படம் கிளைமாக்ஸுக்கு முன்னாலேயே நின்றுவிடும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொள்வது நல்லது.

ஆகவே உங்களுக்கு 149 ரூபாய் மாத பிளானே போதும் என்பது எங்கள் கருத்து. ஐந்து மாதத்துக்கு 745. விளம்பரம் வரும், அது தொந்தரவுதான், மறைக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, பொறுக்கவில்லை என்றால் அடுத்த முறை 299-க்குப் போங்கள். மேலும், விளம்பரம் இல்லை என்பது நிரந்தர வாக்குறுதி அல்ல. பிரைம் வீடியோ 2025 ஜூனில் இந்தியாவில் ஏற்கெனவே இருந்த சந்தாவுக்குள் விளம்பரத்தைக் கொண்டுவந்தது; வேண்டாமென்றால் தனியாக மாதம் 129 அல்லது வருடம் 699 கட்டச் சொன்னது. ரசீதில் தொகை மாறாமலே விலை ஏறும் விதம் இது. விலை எப்போதும் ஒரே திசையில் போவதும் இல்லை. 2021 டிசம்பரில் பிரைமின் ஆண்டுக் கட்டணம் 999-லிருந்து 1,499 ஆனது. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் தன் பேசிக் பிளானை 499-லிருந்து 199-க்கு இறக்கியது. ஒரு கடையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

கேபிள்காரர் சொன்ன விஷயத்தை இப்போதே விசாரியுங்கள். ஒரே செயலிக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டும் வீடுகள் நிறைய. ஃபைபர் பில்லிலோ போன் ரீசார்ஜிலோ சேர்ந்து வருவது தெரியாமலே தனியாகவும் கட்டுவார்கள். "ஓடிடி இருக்கு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்தச் செயலி, அதில் எந்தப் பிளான், டிவியில் ஓடுமா, ஒரே நேரத்தில் எத்தனை திரை, எத்தனை நாள்? இந்த ஐந்துக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்துத் தருவது பல நேரம் மொபைல் பிளானாகத்தான் இருக்கும். டிவியில் போட்டால் பிளானை உயர்த்தச் சொல்லும். இன்னொரு சிக்கல், இணைப்பில் பதிந்த எண்ணுக்குத்தான் அந்தச் சந்தா சேரும். பில் உங்கள் கணவர் எண்ணில், செயலி உங்கள் எண்ணில் என்றால் இலவசச் சந்தா யாரும் திறக்காமல் கிடக்கும். நிறுவனத்தின் செயலிக்குள் போய் அந்த எண்ணிலேயே ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

இனி ஆட்டோபே. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். கூகுள் பேயிலோ போன்பேயிலோ புரொஃபைல் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்று இருக்கும். அதில் இந்தச் செயலியைத் திறந்து, "அதிகபட்சத் தொகை" எவ்வளவு என்று பாருங்கள். 1,499 என்று இருந்தால் 2,199-ஐ எடுக்க முடியாது. புதிதாக அனுமதி கேட்பார்கள். சேரும்போது 5,000 வரை என்று அனுமதித்திருந்தால் யூபிஐ பின் நம்பர் கேட்காமலே 2,199 போய்விடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய சந்தா எடுப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ தேவையில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவல் விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே புதைந்துபோவதுதான் வழக்கம்.

செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. முதலில் செயலிக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். "மே 20 வரை பார்க்கலாம்" என்பது போன்ற வரியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு யூபிஐ செயலியில் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். அதற்கு யூபிஐ பின் நம்பர் கேட்கும். கடைசி நாள்வரை காத்திருக்காமல் மே 17-க்குள் முடித்துவிடுங்கள், எடுப்பு ஏற்கெனவே வரிசையில் நின்றுவிட்டால் ரத்து சிக்கலாகும். முன்கூட்டி ரத்து செய்வதால் பெரும்பாலான செயலிகளில் நாள் குறையாது. பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் ரத்தும் அங்கேதான்: புரொஃபைல் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும். ரத்து செய்த பிறகும் பணம் போனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் செயலியின் சேவை மையத்துக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் "சந்தாப் பொறி" என்றே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது.

மாதச் சந்தாவிலும் ஒரு குழி இருக்கிறது. எடுத்த அன்றே ஆட்டோபேயை அணைத்துவிட வேண்டும். நாளைக்கு, மறுநாள் என்று விட்டால் ஐந்து மாதம் பத்து மாதமாகும். அப்போது 299 பத்து முறை, 2,990. ஆண்டுச் சந்தாவே தேவலை. இந்த ஒழுங்கு வீட்டில் யாருக்கும் வராது என்றால் 1,099 ஆண்டு பிளானை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வருடத்துக்கு நாலு படம் மட்டும் பார்க்கும் வீட்டுக்குச் சந்தாவே வேண்டாம். யூடியூபிலும் பிரைமிலும் தனிப் படமாக வாடகைக்கு எடுக்கலாம். வழக்கமாக 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் "பாதி விலைக்கு ஒரு ஸ்கிரீன்" என்று விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பாஸ்வேர்டு அவர் கையில். மாற்றினால் கேட்க நாதி இல்லை.

கடைசியாக ஒன்று. வைகாசி முதல் தேதி உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உங்கள் வீடு முழுக்க உறவினர் இருப்பார்கள். யார் யார் போனில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அவர்கள் ஊர் திரும்பியதும் செட்டிங்ஸில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்திவிட்டு, அதே கையோடு ரத்தையும் முடித்துவிடுங்கள். மே 17-க்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.