ஏர் ரைபிள் சரி தம்பி, ஈயத்தை எங்கே உருக்கப் போகிறீர்கள்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. டாலஸ் வந்து ஐந்து மாதம், எச்-1பி விசா, அலுவலக நண்பர் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். விசாவில் இருப்பதால் வெடிமருந்துத் துப்பாக்கி வேண்டாம், காற்றழுத்தத்தில் சுடும் பெரிய காலிபர் (குழல் விட்டம்) ஏர் ரைபிள் போதும், 0.357 அங்குலமா 0.457 அங்குலமா, அதாவது 357-ஆ 457-ஆ? ஈயக் குண்டை அபார்ட்மெண்ட் பால்கனியிலேயே வார்த்துக்கொள்ளலாமா? 2004-இல் நானும் ஏறக்குறைய இதே நிலைமையில் இந்த ஊரில்தான் இருந்தேன்.

நீங்கள் சொன்ன விசா கணக்கு சரிதான். வெடிமருந்து இல்லாததால் மத்திய சட்டத்தில் ஏர் ரைபிள் துப்பாக்கிக் கணக்கில் வராது. ஆனால் நாளைக்கே நியூ ஜெர்சிக்கு வேலை மாறினால் கதை வேறு, அங்கே அதுவும் துப்பாக்கிதான். ஊருக்குக் கொண்டுபோகிற ஆசையும் வேண்டாம். இந்தியாவில் 0.177 அங்குல விட்டத்தையோ 20 ஜூல் சக்தியையோ தாண்டினால் லைசென்ஸ் கேட்பார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பார்ப்பவனுக்கு அது வெறும் துப்பாக்கி. வந்த புதிதில், திருநெல்வேலித் திருவிழாவில் பலூன் சுட்ட நினைப்பில், சின்ன ஏர் ரைபிள் ஒன்றை வாங்கிப் பால்கனியில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். பனியனும் கைலியுமாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தேன். "பலூன், சார், பலூன்" என்று நான் சொன்னது அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ. அன்றிலிருந்து உறையில் போடாமல் வாசல் தாண்டியதில்லை.

357-ஆ 457-ஆ என்பதற்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. எந்தப் பிராண்ட் என்பதையும் விடுங்கள். நம்மவர்கள் சிலர் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கி, தோளில் சாய்த்துப் படம் போட்டு, அடுத்த வருஷம் பாதி விலைக்கு விற்பார்கள். குண்டு வார்க்கும் அச்சு எதற்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று மட்டும் பாருங்கள். 357-க்கு ரிவால்வர் குண்டு அச்சு, 457-க்குப் பழைய 45-70 ரைபிள் அச்சு, இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். 457 தொட்டியில் அடைத்த காற்றை மடமடவென்று குடித்துவிடும், சில குண்டுகளிலேயே அழுத்தம் இறங்கிவிடும். பின்னால் மான் வேட்டைக்கும் ஆசை வந்தால் டெக்சாஸ் விதி இது: குறைந்தது 30 காலிபர் (0.30 அங்குலம்), 150 கிரெய்ன் எடைக் குண்டு நொடிக்கு 800 அடி வேகம், அல்லது 215 அடி-பவுண்ட் சக்தி. பன்றிக்கு அந்தக் கவலை இல்லை. 2019-லிருந்து தனியார் நிலத்தில், நிலக்காரர் அனுமதி இருந்தால் லைசென்ஸ்கூட வேண்டாம். காற்று நிரப்பும் வாயில் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டும் விடாதீர்கள். 3000 பிஎஸ்ஐ அழுத்தக் காற்றில் அது தானாகவே பற்றி வெடிக்கலாம். சிலிகான் கிரீஸ் மட்டும்தான்.

சரி, ஈயத்துக்கு வருவோம். பால்கனியிலும் கூடாது, அடுக்களையிலும் கூடவே கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் எழும் ஆவியைவிட, மேலே மிதக்கிற கசடும் அதன் சாம்பல் நிறத் தூளும்தான் ஆபத்து. அது கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், அங்கிருந்து வாய்க்குப் போகும். இங்குள்ளவர்கள் முள்கரண்டியில் சாப்பிடுகிறார்கள். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், நமக்கு இரட்டை ஆபத்து.

இது எனக்கே நடந்தது. 2014-இல் சொந்த வீட்டுக் கராஜில் வார்க்கத் தொடங்கினேன். ஒரு கையில் கரண்டி, மறுகையில் அம்மா அனுப்பிய முறுக்கு. வருடாந்திரப் பரிசோதனையில் எனக்கு ஈயம் 17, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மைக்ரோகிராம் கணக்கில். என்னை விடுங்கள், கராஜில் தவழ்ந்த மகனுக்கு 6. குழந்தைகளுக்கு அப்போது கவனிக்க வேண்டிய அளவு 5, 2021-இலிருந்து அதையும் 3.5 ஆக்கிவிட்டார்கள். என் மனைவி அன்று கத்தவில்லை. கராஜ் சாவியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்துப் பையனுக்கு எண் இறங்கிய பிறகுதான் திருப்பித் தந்தாள்.

இப்போது கொல்லையில், கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகையில் வார்க்கிறேன். அதற்கென்றே ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு; இரண்டும் வீட்டுக்குள் வராது. ஈரம் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டி விட்டால் என்ன ஆகும்? அதையே ஈயத்தில் நினைத்துப் பாருங்கள். டயர் கடையில் சும்மா கிடைக்கும் பழைய வீல் வெயிட்டை, அதாவது சக்கரம் ஆடாமலிருக்க ஒட்டும் எடைத்துண்டுகளை, நம்பவேண்டாம். கடினமான கலவை அது, காற்றழுத்தத்துக்கு மென்மையான ஈயம்தான் பேரலின் (குழலின்) உள்ளே வெட்டிய வரிகளைப் பிடிக்கும். அவற்றின் நடுவில் துத்தநாக எடை ஒன்று கலந்துவிட்டால் சட்டி மொத்தமும் வீண். முதலில் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைப் பேரலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குண்டு அந்த அளவுக்குச் சமமாகவோ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடவோ இருக்கட்டும். வார்த்த குண்டு சுருங்கிச் சுருக்கம் விழுந்திருந்தால் அச்சு சூடு போதவில்லை, பனி படிந்தமாதிரி வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

அச்சு நன்றாக நிறையக் கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பார்கள். இங்கே அதற்காகப் பழைய பியூட்டர் (வெள்ளீயக் கலவை) கோப்பைகளைத் தேடி அலைவார்கள். ஒரு நாள் என் கண் மாமியார் சீதனமாகத் தந்த ஈயச்சொம்பின் மேல் போயிற்று. ரசம் வைக்கிற சொம்பு, பெயர்தான் ஈயம், உலோகம் வெள்ளீயம்; 232 டிகிரியில் உருகிவிடும். மனைவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சொம்பு இப்போது அலமாரியின் மேல்தட்டில், பூட்டிய பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே முதல் வருஷம் வார்க்காதீர்கள், கடைக் குண்டே வாங்குங்கள். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள், என் பேரலில் சுட்டுப் பார்க்கலாம். மதியம் ரசம் சாதம். கையை நான் பார்த்த பிறகுதான் இலையில் உட்கார விடுவேன்.