வாங்கும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

கேள்வி: மண்ணடியில் மிளகு, மஞ்சள், சீரகம் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆறேழு வருடமாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் ஓடுகிறது, அதைப் போட்டுக் கொடுத்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. ஆடிட்டர் டேலி வாங்கச் சொல்கிறார், மகன் ஜோஹோ புக்ஸ் என்கிறான். எதை வாங்குவது? பழைய கணக்கெல்லாம் போய்விடுமா?
- வாசகர், சென்னை-1

பதில்: இரண்டுமே உங்கள் வியாபாரத்தைத் தாங்கும். யார் உட்கார்ந்து என்ட்ரி போடப்போகிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடையில் கணக்கு எழுதுபவருக்கு டேலியில் கை பழகியிருந்தால் அவரை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போகாதீர்கள். டேலி லைசென்ஸை ஒருமுறை மொத்தமாக வாங்கிவிட்டால், வருடாவருடம் புதுப்பிக்காவிட்டாலும் பழைய கணக்கைத் திறக்கலாம். ஜோஹோ சந்தா முறை, ஆனால் மகன் வெளியூரில் இருந்துகொண்டே போனில் பாக்கி பார்க்கலாம், பில் போடலாம். ஆடிட்டர் டேலி என்பதற்கு அவர் ஆபீஸில் அது ஓடுவது பாதிக் காரணமாக இருக்கும். அதில் தப்பில்லை, வருடக் கடைசியில் டேட்டாவை அப்படியே அனுப்பிவிடலாம்.

ஆனால் பழையதிலிருந்து கணக்கை வெளியே எடுக்காமல் புதியதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தினமும் பேக்கப் எடுக்கிறோமே என்பீர்கள். பேக்கப் ஃபைல் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரில்தான் திறக்கும், அதைப் போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்காத நிலையில் அதை வைத்து என்ன செய்வது? உங்களுக்கு வேண்டியது எக்செல் அல்லது சிஎஸ்வி (எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கும் சாதாரண பட்டியல் ஃபைல்). பார்ட்டி பட்டியல் ஜிஎஸ்டி எண்ணோடு, சரக்குப் பட்டியல் ஹெச்எஸ்என் குறியீட்டோடு (ஜிஎஸ்டிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்), சரக்கு இருப்பு, டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதியும் சேர்ந்த பட்டியல்), அப்புறம் பாக்கி. இந்தப் பாக்கியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பார்ட்டி 84,000 தர வேண்டும் என்று ஒற்றைத் தொகையாக ஏற்றிவிட்டால், அவர் 30,000 கொண்டுவந்து கொடுக்கும்போது எந்த பில்லுக்கு வரவு வைப்பது? பில் எண், தேதி, மீதித் தொகை என்று தனித்தனியாக எடுங்கள்.

எடுத்த சிஎஸ்வியை எக்செலில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். மிளகுக்கு 0904, சீரகத்துக்கு 0909, மஞ்சளுக்கு 0910, உங்கள் சரக்கெல்லாம் சைபரில் தொடங்குகிறது. எக்செல் அதை எண்ணாக நினைத்து 904, 909, 910 ஆக்கிவிடும், சேவ் செய்துவிட்டால் அந்த சைபர் திரும்பி வராது. 3-12 என்று பில் எண் இருந்தால் அதைத் தேதியாக மாற்றி வைக்கும். டேட்டா மெனு வழியாக ஃபைலை உள்ளே கொண்டுவந்து குறியீடும் பில் எண்ணும் உள்ள நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

மாறுவதற்கு ஏப்ரல் 1 வசதி. மார்ச் 31 டிரையல் பேலன்ஸும் புதியதில் ஏற்றிய ஆரம்ப இருப்பும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும்வரை பழையதை மூடாதீர்கள். ஆறேழு வருடத்து பில்களையும் ஒவ்வொன்றாக ஏற்றித் தருகிறேன் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவற்றை பிடிஎஃப் ஆகவும் எக்செலாகவும் வைத்திருந்தாலே போதும்.

புதியதிலும் இதே சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். சும்மா நாலைந்து பில் போட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். டேலியில் டே புக் (அன்றாட என்ட்ரிகளின் பட்டியல்) ஒரு நாளைத்தான் முதலில் காட்டும், ஆல்ட்-எஃப்2 அழுத்தி வருடம் முழுவதையும் கொடுக்காமல் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு டேட்டாவைக் காணோம் என்று பதறுபவர்கள் நிறைய.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரை எப்போது தூக்கிப் போடலாம்?
- அதே வாசகர்

பதில்: ஜிஎஸ்டி சட்டப்படி அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் வரை. அப்பீல், விசாரணை என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரை அல்லது அந்த 72 மாதம் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை. கம்ப்யூட்டர் அத்தனை நாள் உயிரோடு இருக்காது, அதனால் எடுத்த ஃபைல்களை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டிலும், ஒரு பிரதி ஆன்லைனிலும் வையுங்கள். கம்ப்யூட்டரையும் பென்டிரைவையும் சேர்த்துக் கடையிலேயே வைக்காதீர்கள், நவம்பர் மழையில் தரைத்தளத்துக் கடைகள் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.