ஆவியாகும் தண்ணீரில் ஆர்வமுள்ள மகளுக்கு எந்தப் பிரிவு?

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு சாதாரண தரத்துல விஞ்ஞானத்துக்கு ஏ. உயிரியல் பிரிவுதான் எடுக்கணும், இங்க கிடைக்கலன்னா வெளிநாட்டுல டொக்டருக்குப் படிக்க வைக்கலாம்னு பெரிய மாமா சொல்றாரு. இவளோ தண்ணி ஆவியாகுறதுல கரண்டு எடுக்கலாம்னு கடதாசி வெட்டிக்கிட்டு இருக்கா. பயமா இருக்கு."

அம்மா, நீங்கள் பயப்பட வேண்டியது மாமாவின் திட்டத்துக்குத்தான். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருபவர், இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற இங்கே தனியாக ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதுவரை வைத்தியராக வேலை செய்ய முடியாது. பிள்ளை கேட்காத படிப்புக்காகச் சேமலாப நிதியையும் நகையையும் வைக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் (விவசாயம், உணவு போன்ற உயிர் சார்ந்த தொழில்நுட்பம்), தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம் ஆகிய இரண்டோடு, விவசாய விஞ்ஞானம், புவியியல் போன்ற ஒன்றை மூன்றாவதாக எடுக்கலாம். யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஊவா வெல்லஸ்ஸ போன்ற அரச பல்கலைக்கழகங்களில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, கல்விக் கட்டணம் இல்லை. இந்தப் பிரிவிலிருந்து மருத்துவத்துக்குப் போக முடியாது. அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவள் பிடித்திருக்கும் விஷயம் வெறும் விளையாட்டல்ல. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓஸ்குர் ஷாஹின் என்ற விஞ்ஞானியின் குழு 2015இல் பாசிலஸ் சப்டிலிஸ் பற்றீரியாவின் வித்திகளை, அதாவது அது உறங்கும் நிலையில் எடுக்கும் சின்னஞ்சிறு உருவங்களை, மெல்லிய நாடாவில் ஒட்டியது. ஈரம் பட்டால் வித்தி வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவிலிருந்து மின்சாரம் எடுத்து ஒரு எல்.ஈ.டி. விளக்கை எரித்தார்கள். கொழுந்து வாட்டும்போது எடையில் ஏறத்தாழ பாதி ஆவியாகப் போகிறதே, அதே ஆவியாதல்தான். இதை வீட்டுக்கு மின்சாரம் தரும் இயந்திரமாக இன்று கடையில் வாங்க முடியாது. அதனால் இதற்கென்றே தனி வேலை தேடாமல், ஈரப்பதன், உலர்த்தல், உணரிகள் பற்றிய அறிவோடு அவள் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமும் போகலாம்.

மகளின் கடதாசியும் வித்திபோலவே ஈரத்தில் விரிந்து, காய்ந்தால் சுருங்கும். அது சரியாக வளையாவிட்டால் காரணம் பெரும்பாலும் இழைத் திசைதான், அதாவது கடதாசியின் இழைகள் கிடக்கும் திசை. டிரேசிங் கடதாசித் துண்டொன்றை ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் குழாய்போலச் சுருளும். குழாய் நீளும் பக்கமே இழையின் திசை. அதற்குக் குறுக்காக 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் பட்டி வெட்டி, ஒரு பக்கம் செலோடேப் ஒட்டட்டும். ஆவி பட்டால் டேப் பக்கமாக வளையும், வெயிலில் திரும்பிவிடும். மூடுபனி நாளில் அசையவே அசையாது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் நடக்காதே! நாலைந்து தரம் ஆனதும் ஓரத்தில் டேப் கழன்றால் புதுப் பட்டி வெட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் நேரத்தையும் வளைந்த அளவையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

பாடசாலையில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறதா, தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து நகரப் பாடசாலைக்குப் பஸ் செலவு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். மாமா உதவ நினைத்தால் அந்தச் செலவை ஏற்கட்டும்.