வக்கீலான மகள் சீரியல் எழுதப் போகிறாளாம்

அண்ணே, வணக்கம். "அஞ்சு வருசம் லா படிக்க வச்சேன், கோட்டக் கழட்டிட்டு நாடகம் எழுதப் போறேங்கிறா" என்று தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் போனில் சொன்னபோது, எனக்கும் முதலில் பகீரென்றுதான் இருந்தது. பிறகு பாப்பா வந்து நோட்டைக் காட்டினாள்.

அதில் ஒரு சீன். 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் புலி, யானை இருக்கும் முதல் அட்டவணையிலேயே கடல் அட்டையையும் சேர்த்தார்களே, அதைப் பிடித்த வழக்கில் மாட்டிய பையனின் அம்மா ராமநாதபுரம் கோர்ட் வாசலில் கருவாட்டுப் பையோடு நிற்கிறாள். ஜாமீன் மனுவுக்கு வாய்தா. அவள் கேட்கிறாள்: "வாய்தா போட்டாச்சுன்னா, புள்ளைய விட்டுருவாங்கதான?" சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்த வரி கிடைக்காது. நம் சீரியல் நீதிபதிகள் இன்னும் சுத்தியல் தட்டுகிறார்கள், சாட்சி கீதை மேல் கை வைக்கிறார், நிஜக் கோர்ட்டில் இரண்டும் கிடையாது! நான்கு வருடம் ஜூனியராகக் கட்டுத் தூக்கியது வீண் இல்லை அண்ணே.

அமெரிக்காவில் டேவிட் கெல்லி என்பவர் பாஸ்டனில் வக்கீலாக இருந்துகொண்டே திரைக்கதை எழுதினார். 1986-இல் வக்கீல்களைப் பற்றிய ஒரு தொடருக்கு அவரை எழுதக் கூப்பிட்டதே சட்டம் தெரிந்தவர் என்பதால்தான். ஆனால் அங்கே வாரம் ஒரு எபிசோட். இங்கே தினம் ஒன்று. காலையில் ஷூட்டிங், ராத்திரி பத்து மணிக்கு "அந்த நடிகை வரல, சீனை மாத்துங்க" என்பார்கள். வியாழக்கிழமை டிஆர்பி இறங்கினால் கதையே திசை மாறும். அதைத் தாங்குவாளா என்பதுதான் என் கவலை. மானம் போகும் என்ற உங்கள் கவலை எனக்கு இல்லை.

வருமானம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் குடும்பம் நடத்துகிறவர் நீங்கள். வசனகர்த்தாவுக்கு எபிசோட் கணக்கில்தான் காசு. தொடர் நின்றால் அதுவும் நின்றுவிடும், சில இடங்களில் பாக்கியும் இழுக்கும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் ரயில் ஏறக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பார் கவுன்சில் விதிப்படி, தொழில் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. ஆனால் ஒளிபரப்பு, பத்திரிகை வேலைகளை முழுநேரமாக்காமல், தன் தொழிலுக்கு விளம்பரமாகவும் ஆக்காமல் செய்ய இடம் உண்டு. மாதச் சம்பளத்தில் சேனலில் சேர்ந்தால் மட்டும், பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, அசல் சான்றிதழையும் அனுப்பித் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பின்னால் திரும்ப நினைத்தால் மனுப் போடலாம். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் கால் வைத்தால்தான் வம்பு. சட்டம் படித்தவளே இதில் அசட்டையாக இருந்தாள், திட்டினேன்.

இப்போதைக்கு முடிவு எதுவும் வேண்டாம். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. தினம் ஒரு எபிசோட், முப்பது நாளும் விடாமல் எழுதட்டும். காய்ச்சல், கல்யாண வீடு என்று சாக்குச் சொல்லாமல் முடிக்கிறாளா பாருங்கள். உங்கள் படகும் அப்போது கரையில்தானே நிற்கும்? வலை பின்னும் நேரத்தில் அவளையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜூன் 14-க்குப் பிறகு நீங்கள் கடலுக்குப் போகுமுன் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.